பேப்பரில் வராத கப்பல்

கல்யாணமான மறு வருஷமே என் கணவர் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். வெளிநாட்டிலிருந்து கோதுமை ஏற்றிவரும் சரக்குக் கப்பல். அதன் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவார். ஓசூரில் நானும் மாமியாரும் மட்டும் இருந்தோம். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது.

பெங்களூர் பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் பேப்பரில், சென்னைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பெயர்கள் ஒரு மூலையில் இருக்கும். எட்டாவது வரை படித்த நான் அவர் கப்பலின் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்துவிடுவேன். அதற்காகவே மத்தியானம் வாசகசாலைக்குப் போவேன். ஆண்கள் மட்டுமே வரும் இடம். கூச்சம் போகச் சில வாரமாயிற்று.

ராகி விதைத்து அறுத்தே பழகிய மாமியார், “அந்தக் கப்பல் எவ்ளோ தானியம் புடிக்கும்?” என்று கேட்டார்.

“அஞ்சு கிடங்காம் அத்தை. நம்ம ராகி கொட்டி வெக்கிற குழி மாதிரி நூத்துக்கணக்குல ஒண்ணொண்ணுலயும் அடங்குமாம். மூணு கொடிமரம். புகைபோக்கி கறுப்பு, நடுவுல வெள்ளைப் பட்டை.”

“வேகமாப் போவுமா?”

“நம்ம பஸ்ஸைவிட மெதுவாம்.”

“அப்ப சரி,” என்றார்.

ஆடியில் வரவேண்டிய கப்பல் வரவில்லை. புரட்டாசி பிறந்தும் பேப்பரில் பெயரைக் காணோம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

“பேப்பர்ல பேரு இல்லாட்டா கடல்லயும் இல்லன்னு ஆயிடுமா? சாப்புடும்மா,” என்று மாமியார் அதட்டினார். அவர் தட்டிலும் களி உருண்டை அப்படியே இருந்தது.

ஒருநாள் அந்தப் பெயர் வந்தது. கடைவீதி என்றும் பாராமல் வீட்டுக்கு ஓடினேன். மறுநாளே கிருஷ்ணகிரி வழியாகப் பஸ்ஸில் போய், ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினோம்.

துறைமுகக் காவலாள் உள்ளே விடவில்லை. கடற்கரையில் நின்று பார்த்தோம். இடம் கிடைக்காத கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நின்றன.

“அதிகோ! வெள்ளைப் பட்டை!” பரபரப்பில் மாமியாருக்குத் தாய்மொழியான தெலுங்கு வந்துவிட்டது.

சத்திரத்தில் தங்கிக் காத்திருந்தோம். கப்பல் கரையை அணைந்ததும், மெலிந்து கறுத்துப்போய் அவர் துறைமுக வாசலுக்கு வந்தார். நடுக்கடலில் எஞ்சின் பழுதாகி, கொழும்பில் கிடந்தார்களாம். பழுது பார்த்தவர்களோடு இவரும் இரவு பகலாக நின்றிருக்கிறார்.

“இனிமே கரி அள்ள வேணாம்மா. எஞ்சினுக்கு எண்ணெய் போடற வேலை குடுத்திருக்காங்க.”

மாமியார் அவர் உள்ளங்கைகளை விரித்து, காய்ப்புகளைத் தடவிப் பார்த்தார்.

இனிமேல் பேப்பரில் பெயர் வராத நாட்களுக்காக, வழியில் எந்தெந்தத் துறைமுகத்தில் நிற்பீர்கள் என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, எனக்கு முன்பே மாமியார் மனப்பாடம் செய்துவிட்டார்.