செவ்வாயில் அடித்த சோழகம்

செவ்வாய்க் கிரகத்தில் புழுதிப் புயல் எழும்பினால் அதை முதலில் பார்ப்பவர்களில் நானும் ஒருவன் என்றால் என் ஊரான சரவணையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். சொந்த முற்றத்துப் புழுதியையே கூட்டாதவன் நான்.

வேலை இதுதான். கிரகத்தைச் சுற்றும் விண்கலம் படங்களை அனுப்பும். நேற்றைய படத்தையும் இன்றையதையும் ஒப்பிட்டு, புழுதி எந்தப் பக்கம் நகர்கிறது என்று வீட்டிலிருந்தே அறிக்கை எழுதுவேன். வெளிநாட்டில் இருக்கும் என் மேலாளர், எங்கள் தீவின் அல்லைப்பிட்டியில் பிறந்த சேவியர் அண்ணை, அதைச் சரிபார்த்து, செவ்வாய்த் தரையில் நிற்கும் ஆய்வு வண்டியை இயக்கும் குழுவுக்கு அனுப்புவார். வண்டிக்கு வெயில்தான் சாப்பாடு. புழுதி மூடுவதற்குள் அதை உறங்க வைக்காவிட்டால் பிறகு எழும்பாது.

நான் சேர்ந்த புதிதில் வண்டிக்குத் தெற்கே ஒரு புயல் எழும்பி வடக்கு நோக்கி வந்தது. “தெற்குப் புயல்” என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அண்ணை ஒரு திருத்தமும் இல்லாமல் அனுப்பிவிட்டார். மறுநாள் படத்தில் புழுதி வண்டியை நெருங்கியிருந்தது. கணிப்புப் பலித்த பெருமையில் தலைகால் தெரியாமல் அவருக்கு அழைப்பெடுத்தேன்.

“அண்ணை, நான் சொன்னமாதிரியே வந்திட்டுது.”

“ஓம், பாத்தனான். நீர் கெட்டிக்காரன். வண்டி இப்ப நித்திரையாய் இருக்கும். நில்லும், ஒருக்காக் கேக்கிறன்.”

கேட்டுவிட்டு வந்தவரின் குரல் இறங்கியிருந்தது.

“தம்பி, வண்டி பாறையில துளைபோட்டுக்கொண்டு நிக்குது. புயல் தெற்குப் பக்கம் போகுதெண்டு அவங்கள் நினைச்சிட்டாங்கள்.”

“தெற்கில இருந்து வந்தால்தானே அண்ணை தெற்குப் புயல்? சோழகம் மாதிரி.”

“அப்பிடித்தான் நானும் வாசிச்சனான்.”

எங்கள் தீவுகளில் காற்றுக்குப் பெயர் அது வரும் திசையால்தான். தென்காற்றான சோழகம் கடுமையாக அடித்தால் எழுவைதீவுப் படகு ஓடாது. அந்தக் காற்று எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. வண்டிக் குழுவுக்கோ புயல் போகும் திசைதான் முக்கியம்.

உடனே நிறுத்தச் சொல்லிக் கட்டளை போனது. பதில் வரவில்லை. சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாத நான், செவ்வாயில் ஒரு வண்டியைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். மறுநாள் அதனிடமிருந்து மெலிந்த சமிக்ஞை ஒன்று வந்தபோது அழுதேவிட்டேன்.

“இனி மூண்டாவது ஆளும் பாக்கவேணும்,” என்றார் அண்ணை. “கடல் இல்லாத ஊர் ஆளாய்ப் பாப்பம்.”

மலைநாட்டு நுவரெலியாவிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு அறிக்கைக்கும் “எங்கயிருந்து, எங்க போகுது?” என்று கேட்டு என் உயிரை வாங்குகிறார். வண்டி இன்னும் ஓடுகிறது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எழுதியதைச் சரிபார்க்க உங்கள் ஊர்க்காரரிடம் கொடுக்காதீர்கள். அவருக்கு விளங்கிவிடும்.