தலைகீழாக வைத்த படிகம்

அந்தப் பேராசிரியர் தெரிந்தே ஒரு பொய்யை அச்சில் விட்டுவைத்திருக்கிறார். இதை எனக்குச் சொன்னது அவரிடம் ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்த ஒரு பெண். ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, நூல் மில் சீருடையில் இருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ஒல்லி உடம்பு, மணிக்கட்டில் படிகம் வளர்க்கும் உலை சுட்ட தழும்பு. டிக்கெட்டிலும் டிபன் டப்பா மூடியிலும் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். எதற்கென்று கேட்டேன்.

"மேல்பக்கம் மறந்துரக் கூடாதுக்கா. பழகிப்போச்சு."

எலெக்ட்ரான் தன்னைத்தானே சுழல்வதும் அணுக்கருவைச் சுற்றுவதும் ஒன்றையொன்று பிடித்து இழுக்குமாம். அதனால் சில படிகங்களில் மேல்முகத்தில் அந்தச் சுழற்சி வலப்பக்கமாகவும், கீழ்முகத்தில் இடப்பக்கமாகவும் அணிவகுக்குமாம். பேராசிரியர் படிகத்தைத் தலைகீழாக வைத்து அளந்து, வலத்தை இடமென்று கட்டுரை போட்டுப் பாராட்டும் வாங்கிவிட்டார். இவள் திரும்ப அளந்து தப்பைக் காட்டினாள். "உன் ஆய்வேட்டுலயும் அப்படியே எழுது, இல்லாட்டி என் கையெழுத்து கிடையாது" என்றாராம். எழுத மாட்டேன் என்று வந்துவிட்டாள்.

"ஏம்மா, எழுதிக் குடுத்துட்டுப் பட்டத்த வாங்க வேண்டியதுதானே?"

"மில்லுல உங்களுக்கு என்ன வேலைக்கா?"

"நூல் சுத்துன கோனுக்கு, எந்தப் பக்கம் முறுக்குன நூலுன்னு சீட்டு ஒட்டுறேன்."

"இடமுறுக்கு நூலுக்கு வலமுறுக்குன்னு ஒட்டுவீயளா?"

"செருப்பால அடிப்பாக."

"எனக்கு அதுக்குப் பட்டம் தாறேங்காக."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் இறங்கிப் போனாள். படித்தவர்கள் இடத்தில் இப்படியா நடக்கும்?

ஐயா பேராசிரியரே, அந்தக் கட்டுரைக்குக் கைதட்டிய அதே சபையில் படிகத்தைத் திருப்பி வைத்து அளந்து காட்டுங்கள். யார் சொன்னது சரி என்று அங்கேயே பதில் சொல்லுங்கள்.