மஞ்சள் நீருக்கு வெள்ளைச் சட்டை

எழுபதுகளில் நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்திருந்தார் அவர். மனவளர்ச்சி குன்றிய மகன் இறந்தபின் அவன் நினைவாக ஒரு நிதி வைத்தார். அதில் அவனைப் போன்றவர்களுக்கு வெள்ளைச் சட்டை வாங்கி, தானே பொத்தான் மாட்டிவிட்டு, முறைப்பெண்கள் மாமன்மார் மேல் மஞ்சள் நீர் ஊற்றும் மாரியம்மன் மஞ்சள் நீராட்டுக்குக் கூட்டிப்போவார்.

"ஏனுங்க, வெள்ளை ஒரே நாள்ல பாழாயிருமே?" என்றேன்.

"பாழாகோணுமுங்க சாமி. எம்பையன் மேல கடைசிவரைக்கும் ஒருத்தரும் ஊத்துலீங்க."

எனக்கும் ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்து, ஒருவனை என்னிடம் ஒப்படைத்தார். மிரண்டு ஓடிவிடுவானோ என்று அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். குடத்தோடு முறைப்பெண்கள் வந்ததும் தெருவோரம் நின்ற லாரிக்கடியில் புகுந்தவன் நான்தான். அவன் அசையாமல் நின்றான். ஒருத்தி தயங்கினாள்; பிறகு, "இந்தாங்க மாமா!" என்று குடத்தையே கவிழ்த்தாள். அவன் சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

பட்டறைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரிக்கடியில் குனிந்தார்.

"வெளிய வாங்க. உங்க சட்டைதானுங்க இன்னும் வெள்ளையா இருக்குது!"