ரம்புத்தான் வேரில் வெள்ளை

எண்பதுகளின் நடுவில், பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, கோலா சிலாங்கூரில் இரண்டு இடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் திரிந்தேன். பின்கட்டில் ஐந்து ரம்புத்தான் மரங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவதை விட்டு, பழைய ரப்பர் காட்டு நிலத்தில் துண்டு வாங்கியபோது அப்பா நட்டவை. அந்த வருடப் பழம் பறித்து முடிந்ததும் நடுமரம் மட்டும் மஞ்சள் தட்டிச் சோர்ந்து நின்றது.

பள்ளிக்கூட விவசாயப் பாடம் தலைக்குள் சுற்றியது. காய்த்து ஓய்ந்த மரத்தின் வேருக்குத்தான் சாப்பாடு. அதுவும் அடிமரத்தில் இல்லை, கிளையின் நிழல் முடிகிற இடத்தில். அன்றைக்கே மண்வெட்டியோடு இறங்கினேன். ஆட்டுப் புழுக்கை போடக் குழி தோண்டினால், மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக இழைகள்.

"ஏய், நிறுத்து!" அப்பா ஓடி வந்தார். "வெள்ளைவேர் நோய் இது. தோட்டத்துல ஒரு பால்மரத்துக்கு வந்தா, வேரு வேரத் தொட்டு ஒரு நிரை மரமே சாயும். ஞாயித்துக்கிழமை இத வெட்டிருவோம். இல்லன்னா மத்த நாலும் போச்சு."

"புது வேர்ப்பா! புது வேர் வெள்ளையாத்தான் இருக்கும்."

"ஒன் புத்தகத்துல எத்தன மரம் செத்துச்சு?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ரெண்டும் இல்லலா. நான் கொட்டுன தேங்கா மட்டையில புடிச்ச பூஞ்சான். அப்பனுக்கும் மகளுக்கும் வேற வேலயில்ல."

ஒரு பிடி மண்ணை மங்குக் கிண்ணத்தில் போட்டு அலசினேன். சில இழைகள் கிளைவிட்டு மிதந்தன, வேர்தான். சில, தடித்த வேரோடு அப்பிக்கொண்டு நகத்தால் சுரண்டியும் வரவில்லை. மட்டைத் துண்டிலும் அதே வெள்ளை. மூன்று பேரும் கிண்ணத்தைச் சுற்றிக் குனிந்திருந்தோம். யார் சொன்னது சரி? மூன்றுமேவா?

மரத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, மரத்த வெட்டல. தோட்டத்துல செய்யிற மாதிரி சுத்திப் பள்ளம் எடுப்போம். நோய் அந்தப் பக்கம் தாண்டாது."

நான் சோறு போட வந்த சன்ன வேர்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தின் வழியில்தான் இருந்தன. பள்ளம் எடுக்காவிட்டால் கோடாரி. பள்ளத்தை நானே வெட்டினேன். மண்வெட்டி இறங்குகிற இடமெல்லாம் வெள்ளை அறுந்தது. அறுபடுவது நோயா, மரத்தின் வாயா, தெரியவில்லை. வீட்டுப் பக்கம் சிமெண்டுக் கால்வாய் குறுக்கிட்டதால் அங்கே மட்டும் தோண்டாமல் விட்டுவிட்டோம்.

மழை பிடித்தது. ஒரு காலை மரத்தில் செந்துளிர். கால்வாய்ப் பக்கக் கிளைகளில் மட்டும். புழுக்கைக் குழியும் மட்டையும் பள்ளமும் எட்டாத பக்கம்.

"ஏன்ப்பா அங்க மட்டும்?"

அப்பா அண்ணாந்து பார்த்தார். அன்றிலிருந்து மரத்தில் சாத்தியே கிடந்த கோடாரியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார்.

"அடுத்த பழம் வரட்டும். பாப்போம்."