மலைக் கணக்கில் நான்

எட்டு வயதில் நான் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வசித்தேன். அரசாங்கக் காகிதத்தில்தான். ஆனால் அந்த வயதில் காகிதத்துக்கும் போலீசுக்கும் அதிகத் தூரம் இல்லை என்று நம்பியிருந்ததால், நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீடு அம்பாசமுத்திரத்தில். அம்மாவின் அக்கா, என் பெரியம்மை, மேலே மலையில் அணைக்குப் பக்கத்தில் இருந்தாள். பெரியப்பாவுக்கு மதகைத் திறந்து மூடுகிற வேலை. தண்ணீர்க் கரையில் பத்துப் பன்னிரண்டு வீடுகள், சுற்றிலும் மலை, அவ்வளவுதான் ஊர். சனிக்கிழமை காலை தெரிந்த கண்டக்டரிடம் சொல்லி என்னைப் பஸ் ஏற்றிவிட்டால் ஞாயிறு சாயங்காலம்வரை நான் அங்கேதான். அந்த இடத்தை யார் யார் ஆளுகிறார்கள் என்று பெரியப்பா எனக்கு ஒரு தடவை விளக்கினார்.

"மரம் வனத்துறைக்கு. தண்ணி பொதுப்பணித்துறைக்கு. தண்ணில இருந்து வார கரண்டு மின்வாரியத்துக்கு. ரேஷன் கார்டு கீழ தாலுகா ஆபீசுக்கு. குரங்குக்கு மட்டும் மேலதிகாரி கிடையாதுட்டி. அதான் அது குதிச்சிக்கிட்டுத் திரியுது."

அந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் ஆறு ஆசிரியர்களுக்கு அவளை மேற்பார்வையாளராகப் போட்டார்கள். எங்கள் தெருவும் மலையும் அவள் பொறுப்பில் வந்தன. அன்றிலிருந்து அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. சோறு பரிமாறும்போதும் விதி சொன்னாள்.

"ஒரு ஆளு ஒரு இடம். ரெண்டு இடத்துல பேரு இருந்தா அது அரசாங்கத்த ஏமாத்துத மாதிரி. யாரா இருந்தாலும் நான் விடமாட்டேன்."

அப்பா தலையாட்டினார். ஒரே இடத்தில் இருப்பதில் அவருக்கு எந்தச் சங்கடமும் கிடையாது.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவுக்கு வந்த டீச்சரிடம் அப்பா நாலு பெயர் சொன்னார். அவர், அம்மா, அண்ணன், நான். மறுநாள் நான் மலையில் இருந்தபோது அங்கேயும் ஒரு வாத்தியார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். இளவயதுக்காரர். பெரியம்மை கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டுப் பெயர், வயது, படிப்பு, வேலை என்று வரிசையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வியைக் காகிதத்தைவிட்டு நிமிராமலே கேட்டார்.

"பெத்த பிள்ளைங்க எத்தனைக்கா?"

பெரியம்மை முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு. அந்தா நிக்கால்லா" என்று என்னைக் காட்டினாள். என் பெயர், பிறந்த தேதி, மூன்றாம் வகுப்பு எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாள். பெரியப்பா எழுந்துபோய்க் குடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

எனக்குத் திக்கென்றது. இது ஏமாற்று, அதுவும் அம்மாவின் பொறுப்பில் உள்ள மலையிலேயே! சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பெரியம்மை அதில் ஒரு முறுக்கை வைத்தாள். வாய்க்குள் முறுக்கு போன பிறகு நியாயம் பேச முடியவில்லை. பெரியம்மைக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். மலையில் மிட்டாய்க் கடை இல்லை என்பது தெரிந்த மாதிரித்தான் அதுவும் தெரியும்.

நாலு நாள் கழித்து மலைக் காகிதங்கள் ஒரு கட்டாக எங்கள் வீட்டுக்கு வந்தன. அம்மா கண்டுபிடித்தால் பெரியம்மைக்கு ஜெயில், கண்டுபிடிக்காவிட்டால் அம்மாவுக்கு வேலை போகும். நான் நன்றாக யோசித்து, கட்டை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன்.

அம்மா தேடினாள். அலமாரியைக் கவிழ்த்தாள், கட்டிலைப் புரட்டினாள். "நான் தாலுகா ஆபீசுல என்னன்னு பதில் சொல்லுவேன்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. அரிசி ஒட்டிய கையோடு கட்டைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"பெரியம்மையப் பிடிச்சிக் குடுத்துராதம்மா" என்று ஓவென்று அழுதேன்.

அடிக்கக் கை ஓங்கிய அம்மா, ஏதோ தோன்றிக் கட்டைப் பிரித்தாள். பெரியம்மை வீட்டுக் காகிதத்தில் என் பெயர்மேல் அவள் விரல் நின்றது. பிறகு எங்கள் தெருக் கட்டை எடுத்தாள், சிவப்புப் பேனாவைத் திறந்தாள், எங்கள் வீட்டில் நாலாவதாக இருந்த என் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள்.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினார். "ஏளா, என்ன செய்யுத? அடிக்கணும்னா மலையில உள்ளத அடி. இது நம்ம பிள்ளைல்லா!"

"ஒரு ஆளு ஒரு இடம்னு நான்தான சொன்னேன். பேசாம இருங்க."

அண்ணனுக்குக் கொண்டாட்டம். "எங்க வீட்டுல மூணு பேருதாம்ட்டி. நீ விருந்தாளி. கூச்சப்படாம பைய உக்காந்து சாப்பிடு" என்றான். பெற்ற தாயே கோடு போட்டுவிட்டாளே என்று நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. பாயசம் வைத்த அன்று மட்டும் கொஞ்ச நேரம் பேசினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் என்னோடு மலைக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் பெரியம்மைக்கு முகம் வெளிறிவிட்டது. காப்பி போட்டாள், சீனி போட மறந்தாள். அம்மா அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கடைசியில் பெரியம்மைதான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"கணக்கெல்லாம் சரியா வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. கீழதான் ஒரு தப்பு இருந்துச்சு, திருத்தியாச்சு. மலையில எல்லாம் சரி."

பெரியம்மை அம்மாவின் கையைப் பிடித்தாள். விடவே இல்லை. இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் நான் உர்ரென்று நின்றேன். கோடு விழுந்தது என் பெயர்மேல், இவர்கள் எதற்கு ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.