கல்லாக உறைந்த ஊசி

காலை ஆறு பத்துக்குப் பால் வாங்கப் போனேன். சித்திரபுரம் முக்கில் டீக்கடை வைத்திருப்பவர் பிரிட்ஜின் மேல்கதவைத் திறந்து காட்டினார். "மருந்து பத்திரமா இருக்கு டீச்சரக்கா. கீழ வச்சா பால் பாக்கெட்டு நசுக்கிப்புடும்னு ஐஸ்பெட்டிக்கு ஏத்திட்டேன்."

அன்று மாலை ஆறு மணிக்கு என் மகளுக்குப் போட வேண்டிய ஊசி. கல்லாக உறைந்திருந்தது.

கரு உண்டாவதற்கான சிகிச்சையில் அவள் ஒன்பது நாளாகப் போட்டுவந்த ஊசி அது. ஒரு நாள் தவறினால் முந்தையவை வீணாகலாம். உறையக் கூடாது என்று அட்டையில் இருந்ததைப் படித்தவள் நான்தான். கடைக்காரரிடம் "குளிர்ல வைங்க" என்று மட்டும் சொல்லியிருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது.

மருத்துவமனை எறணாகுளத்தில், பஸ்ஸில் ஐந்து மணி நேரம். நான் போய்த் திரும்பினால் இரவாகிவிடும். ஊசிகளால் வயிறு வீங்கிக் கிடந்த மகளால் பஸ்ஸில் உட்கார முடியாது. அங்கே எங்களோடு காத்திருக்கும் முதலமடை மாந்தோப்புக்கார அம்மாவின் நினைவு வந்தது. அவர் மகளுக்கும் அதே டாக்டர், அதே மருந்து. அவர்கள் மருத்துவமனைக்கு எதிரிலேயே வீடு எடுத்துத் தங்கியிருந்தார்கள்.

போனில் அழுதேவிட்டேன்.

"ஏனுங்க டீச்சர், இதுக்குப் போயி அழுவாங்களா? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி சீட்டு எழுதச் சொல்லுங்க. நான் வாங்கி பஸ்ஸுல ஏத்தி உட்டுடறனுங்க."

மலையிலிருந்து வருகிறவர்கள் சிகிச்சையின் பாதியில் நின்றுவிடுவதாக ஒரு நர்ஸ் முன்பு சொல்லியிருந்தார், எங்களுக்கு ஏதோ மன உறுதி போதாது என்பதுபோல. நின்றுபோனவர்களிடம் யாராவது பஸ் நேரத்தைக் கேட்டிருப்பார்களா?

இப்போது மகளுக்கு ஆறாம் மாதம். வாசலில் வெயில் காய்ந்தபடி மாங்காய் தின்கிறாள். பார்க்க நிறைவாக இருக்கிறது.

ஊசி உறைந்த அன்று, மாலை நாலரையிலிருந்தே முக்கில் நின்றேன். ஐந்து நாற்பதுக்கு பஸ் வந்தது. எங்கள் ஊர்க்காரரான கண்டக்டர் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார்.

"துணி சுத்தித்தான் வச்சிருக்கு டீச்சர், ஐஸு படல. அந்தம்மா ஏழு தடவ சொல்லிட்டாக. பொறக்கப்போற பேரப்பிள்ளைக்கு அஞ்சு வயசு வரைக்கும் எம் வண்டியில டிக்கெட்டு கேக்க மாட்டேன். ஓடுங்க, மணியாகுது!"