பூட்டின் கட்டைவிரல்

சிமெண்ட் கோடவுனில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லித் தேடினால் பத்துப் பேரில் ஒன்பது பேர் முழிப்பார்கள். பூட்டு என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். லாரியின் உச்சியிலிருந்து வழுக்கிய ஒருவரின் மணிக்கட்டை அவர் ஒரு கையால் கவ்வி, கீழே நாலு பேர் ஓடி வந்து தாங்கும் வரை அந்தரத்திலேயே வைத்திருந்தார். அன்று கிடைத்த பட்டம் அது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான். ஆனால் படித்து வாங்குகிற பட்டம் வேறு, கையால் வாங்குகிற பட்டம் வேறு. இரண்டாவதை எந்த ஆபீஸரும் வந்து பிடுங்கிக்கொண்டு போக முடியாது. மூட்டை தூக்கி, மேஸ்திரியாகி, இரண்டு அறை வீடு பிடித்து, புருஷன் விட்டுப்போன தங்கச்சியையும் தன்னோடு வைத்துக்கொண்டவர். யார் தயவிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை என்று அவர் சொன்னால் அதில் ஒரு சொட்டுக்கூடப் பொய் கிடையாது.

அந்தக் கையைத் தேடித்தான் டீச்சர் வந்தார். டீச்சர் என்றால் பாடம் எடுக்கிறவர் இல்லை. பெண்கள் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டயர் கடைக்கு மேல் மாடியில் பழைய மெத்தைகளைத் தரையில் பரப்பி, ஞாயிறு காலையில் தற்காப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பில் ஆண்களும் சேர்ந்தே பழக வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

"பொம்பள கையையே பொம்பள பிடிச்சுப் பழகுனா அது கும்மியாட்டம்ணே. உங்கள மாதிரி ஒரு கை பிடிக்கணும். அதுல இருந்து உருவிட்டு வந்துட்டா, எவன் பிடிச்சாலும் வந்துருவாங்க."

பூட்டுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. ஊரே பார்க்கட்டும் என்று அடுத்த ஞாயிறே சலவைச் சட்டையோடு போய் நின்றார்.

வித்தை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வித்தை இல்லை. எப்பேர்ப்பட்ட பிடியிலும் நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் தனியாக ஒரு பக்கம். அந்தக் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி வெடுக்கென்று இழுத்தால் கை வெளியே வந்துவிடும். மற்ற ஆண்கள் பட்டும் படாமலும் பிடித்தபோது வந்தது. பூட்டு பிடித்தபோது வரவில்லை. முதல் வாரம் ஜெராக்ஸ் கடைப் பெண் ஒருத்தி கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படி இறங்கினவள் திரும்பி வரவே இல்லை.

அது அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அடுத்த வாரம் ஒரு நர்ஸம்மா கையை நீட்டினார். திருப்புகிற திருப்பு சரியாக இருந்த அந்த நொடியில், பூட்டு கட்டைவிரலை ஒரு நூல் தளர்த்தினார். ஒரே ஒரு நூல். கை வெளியே வந்துவிட்டது. நர்ஸம்மா தன் கையையே புதுசாகப் பார்ப்பது போலப் பார்த்தார். மாடி முழுக்கக் கைதட்டல்.

அதற்குப் பிறகு பூட்டின் பிடியை உடைத்த சேதி தெருத்தெருவாகப் போனது. ஏழு பேர் இருந்த வகுப்பில் இருபது பேர் வந்தார்கள். மெத்தை போதவில்லை. ஒருமுறை டீச்சர் சந்தேகப்பட்டு, விட்டுக்கொடுக்கிறீர்களா என்று நேராகவே கேட்டார். கோடவுன் மேல் சத்தியம், இல்லவே இல்லை என்றார் பூட்டு. பார்க்கிற கண்ணுக்கும் தெரியாமல், பிடிபட்ட தோலுக்கும் தெரியாமல் விடுவது எல்லாருக்கும் வருமா? பிடிப்பதைவிட இது பெரிய வித்தை என்று தனக்குத்தானே மார்தட்டிக்கொண்டார். தைரியம்தானே முக்கியம், அதைக் கொடுக்கிறோம் என்று நினைத்தார். மனசார நினைத்தார்.

தங்கச்சியையும் அவர்தான் வற்புறுத்தி அழைத்துப் போனார். சட்டை தைக்கிற கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. பிசிறு நூல் வெட்டி, பட்டன் எண்ணி, மடிக்க அனுப்ப வேண்டும். அங்கே ஒரு சூப்பர்வைசர், ஸ்டோர் ரூமுக்குத் துணிக்கட்டு எடுக்கப் போகிற பெண்களின் பின்னாலேயே போகிற ஆள். அதை அண்ணனிடம் சொன்னபோது, வேலையை விட்டுவிடு என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். எவனோ ஒருவனுக்குப் பயந்து என் வீட்டுப் பெண் வேலையை விடுவதா என்று கேட்டுவிட்டார் அவர்.

முதல் மூன்று வாரம் அவளுக்கு வரவில்லை. நாலாம் வாரம் வந்தது. நூலைவிடக் கொஞ்சம் கூடவே தளர்த்தினார், கூடப்பிறந்தவள் இல்லையா. "பூட்டு உடைஞ்சு போச்சுண்ணே, இனி சாவி எதுக்கு" என்று அவள் சிரித்துக்கொண்டே மெத்தையில் உட்கார்ந்தாள். புருஷன் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அவர் பார்த்தது அன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கோடவுனுக்குப் போன் வந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் நாலு விரல் தடமும் எதிர்ப்பக்கம் கட்டைவிரல் தடமும் ஊதா நிறத்தில் பதிந்திருந்தன. ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திவிட்டுக் கையைப் பிடித்திருக்கிறான் அந்தச் சூப்பர்வைசர். மற்றதை அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. இதை மட்டும் சொன்னாள்.

"கத்தணும்னே தோணலண்ணே. கை வந்துரும், கை வந்துரும்னு திருப்பிக்கிட்டே இருந்தேன். கத்துற நேரமெல்லாம் திருப்புறதுலயே போயிருச்சு."

கம்பெனி விசாரணையும் அந்த இடத்தில்தான் வந்து நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் நாற்பது பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு சத்தமும் கேட்கவில்லையே, விருப்பமில்லாதவள் கத்தியிருக்க மாட்டாளா என்று மேனேஜர் கேட்டார். நாற்பது தலையும் மிஷினைப் பார்த்தே குனிந்திருந்தன. சூப்பர்வைசர் அதே நாற்காலியில் இருக்கிறான். அவளுக்கு இனி வர வேண்டாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பூட்டு போய்க் கேட்டைப் பிடித்து உலுக்கினார். வாட்ச்மேன் கும்பிட்டு அனுப்பி வைத்தார். போலீஸ் ஸ்டேஷனிலும் அதே கேள்வி, ஏன் கத்தவில்லை.

வீட்டில் அவள் யாரையும் திட்டவில்லை. அதுதான் அவரைத் தின்றது. துணி மடிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அவளுடைய மணிக்கட்டு தானாகத் திரும்பும், முழங்கை தானாக மடங்கும். எங்கே பிசகியது என்று தேடிக்கொண்டே இருந்தாள். தப்பு தன்னுடையது என்று அவள் தீர்மானித்துவிட்டாள். உண்மையைச் சொல்ல அவர் ஏழெட்டுத் தடவை வாயைத் திறந்தார். ஐம்பது கிலோவைத் தூக்கினவருக்கு அந்த நாலு வார்த்தை தூக்க முடியாமல் கனத்தது. அழுதுவிட்டுப் போன ஜெராக்ஸ் கடைப் பெண்ணை அடிக்கடி நினைத்துக்கொண்டார். அந்த மாடியிலிருந்து உண்மையைத் தெரிந்துகொண்டு போனவள் அவள் ஒருத்திதான். மற்ற இருபது பேரும் நம்பிக்கொண்டு நடமாடுகிறார்கள்.

ஞாயிறு காலை வகுப்புக்குப் போக அவர் சட்டையை எடுத்தபோது, தங்கச்சி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, ஒருவாட்டி பிடிங்க. உங்க பிடியவே உடைச்சவ நான். அவன் கை உங்க கையில பாதி இருக்குமா? அன்னைக்கு எங்க விட்டேன்னு பாக்கணும்."

பூட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பிடித்தார். இந்தத் தடவை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லட்டும், அவளே தெரிந்துகொள்ளட்டும், தெரிந்து காறித் துப்பட்டும். லாரியில் ஆளைத் தாங்கிய அதே கை. இறுக்கினார்.

அவள் தோளை லேசாக அசைத்தாள், திருப்பத் தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் அசைப்பது போல. அவ்வளவுதான். அதைக் கண்டதும் அவருடைய கட்டைவிரல் தானாகத் திறந்துகொண்டது. அவர் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. இருபது பேருக்கு வாராவாரம் திறந்து பழகிய விரல், எஜமானைக் கேட்காமலே திறந்துவிட்டது.

அவளுடைய கை இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. திறந்து கிடந்த அவருடைய விரல்களையே வெகுநேரம் பார்த்தாள்.

"நான் இன்னும் திருப்பவே இல்லண்ணே" என்றாள்.

போன் அடித்தது. டீச்சராகத்தான் இருக்கும், மாடியில் எல்லாரும் காத்திருப்பார்கள். இரண்டு பேரும் எடுக்கவில்லை.